ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து புடாபெஸ்ட் வரை தனியாக 18 இரவுகள்: என் திட்டத்தில் பிழை எங்கே?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராகப் பணியாற்றுகிறேன். ஆல்ப்ஸ் மலைகளை நேரில் காண வேண்டும் என்ற ஆசை பாடசாலைப் புவியியல் வகுப்பிலேயே எனக்குள் புகுந்துவிட்டது. ஆறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில், வரும் ஆண்டு ஜூலை மாதத்தில் தனியாகப் புறப்பட முடிவு செய்திருக்கிறேன். உடன் வருவதாகச் சொன்ன தோழிக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. இனியும் யாருக்காகவாவது காத்திருந்தால் இந்தப் பயணம் நடக்காது என்று தோன்றுகிறது.

என் திட்டம் இதுதான். சூரிச்சில் 2 இரவுகள், இன்டர்லாகனில் 2, செர்மாட்டில் 1, மிலானில் 1, இன்ஸ்புருக்கில் 1, மியூனிக்கில் 2, சால்ஸ்புர்க்கில் 1, வியன்னாவில் 2, பிராக்கில் 2, புடாபெஸ்டில் 2, கடைசியாக லுப்லியானாவில் 2. அங்கிருந்து மீண்டும் சூரிச் வந்து விமானம் ஏற வேண்டும். ஒரு பயண முகவர் இதைப் பார்த்துவிட்டு, பாரிஸையும் சேர்த்தால்தான் ஐரோப்பாவைப் பார்த்ததாகும் என்று வற்புறுத்தினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் என் திட்டமும் எங்கோ இடிக்கிறது.

எந்த நாட்டிடம் வீசாவுக்கு விண்ணப்பிப்பது? ஆல்ப்ஸின் உயரத்திலுள்ள ஜுங்ஃப்ராவ்யோக் புகையிரத நிலையம் வரை சென்று வர ஆகும் பெருந்தொகை தகுமா? நான் சைவம், உணவுக்கு என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண் தனியாகப் போவதை எண்ணி என் அம்மா உறக்கமின்றி இருக்கிறார். உண்மையாகவே அஞ்ச வேண்டியவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

மலைநாட்டான் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் பண்டாரவளையில் பிறந்து, இப்போது தெஹிவளையில் வசிப்பவன். இரண்டு கோடைகளில் அந்த மலைகளுக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறேன். முதல் பயணம் ஏறத்தாழ உங்கள் திட்டத்தைப் போலவே இருந்தது. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலில் 11 ஊர்களும் 7 நாடுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்னும்: அறையைக் காலி செய்ய வேண்டும், நிலையத்துக்குப் பொதியை இழுத்துச் செல்ல வேண்டும், அடுத்த ஊரில் பிற்பகல் அறை திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். நகரங்களில் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். மலையில் தாங்க முடியாது, ஏனெனில் மலையைக் காட்டுவதா மறைப்பதா என்பதை முகில்கள்தான் தீர்மானிக்கின்றன. இன்டர்லாகனில் எனக்கு இருந்தது ஒரே ஒரு முழு நாள். அன்று காலையிலிருந்தே மழை. பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட்டதால் ஜுங்ஃப்ராவ்யோக் வரை ஏறினேன். 3,454 மீற்றர் உயரத்தில், ஐரோப்பாவின் மிக உயரமான புகையிரத நிலையத்தில் இறங்கிக் கண்ணாடிக்கு முன் நின்றபோது, வெள்ளைத் துணியால் மூடிய சுவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆல்ப்ஸிலேயே நீளமான அலெச் பனியாறு எனக்கு நேர் எதிரே, அந்தத் திரைக்குப் பின்னால் கிடந்தது. நான் அதைக் காணவே இல்லை.

ஆகவே மலைப்பகுதியில் குறைந்தது நான்கைந்து இரவுகள் ஒரே ஊரில் தங்குங்கள். இன்டர்லாகனுக்கு அருகிலுள்ள லவுட்டர்புருன்னென் பள்ளத்தாக்கோ, அதற்கு மேலே மோட்டார் வாகனங்களே இல்லாத வெங்கன் கிராமமோ ஏற்றது. உச்சிகளில் பொருத்தியிருக்கும் நேரலைக் கமராக்களைக் காலையில் கைத்தொலைபேசியில் பாருங்கள். வானம் திறந்திருந்தால் மட்டும் மேலே செல்லும் சீட்டை வாங்குங்கள். ஈகர், மோங்க் மலைகளைக் குடைந்து 16 ஆண்டுகள் உழைத்து 1912இல் திறந்த பாதை அது. தெளிவான நாள் வாய்த்தால் அந்தச் செலவு தகும். வாய்க்காவிட்டால் கவலை வேண்டாம். வெங்கனிலிருந்து கம்பிவட ஊர்தியில் மென்லிக்கன் ஏறி, அங்கிருந்து கிளைன ஷைடெக் வரை நடந்து செல்லுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரும்பாலும் சமதளமும் இறக்கமும்தான். ஈகர், மோங்க், ஜுங்ஃப்ராவ் என்ற மூன்று உச்சிகளும் வழி நெடுக உங்கள் முன்னால் நிற்கும். எனக்கு ஜுங்ஃப்ராவ்யோக்கைவிட அந்த நடையே நெஞ்சில் நிற்கிறது.

இரண்டாம் பயணத்தில் ஊர்களின் பெயர்ப்பட்டியலைக் கைவிட்டு, ஓர் ஆற்றைப் பின்தொடர்ந்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். சுவிற்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள எங்கடீன் பள்ளத்தாக்கில் இன் என்ற ஆறு பிறக்கிறது. இன்ஸ்புருக் என்ற பெயரே இன் ஆற்றுப் பாலம் என்றுதான் பொருள்படும். அந்த ஆறு பாசாவ் நகரில் டனியூப்புடன் கலக்கிறது. டனியூப் வியன்னாவைத் தொட்டு, பிராட்டிஸ்லாவாவைக் கடந்து, புடாபெஸ்டை இரண்டாகப் பிரித்தபடி ஓடுகிறது. எங்கடீனிலிருந்து புடாபெஸ்ட் வரை ஒரே நீர். பிராக் அழகான நகரம், அதில் ஐயமில்லை. ஆனால் அதன் ஆறு வடகடலை நோக்கிப் போகிறது. அதை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள். மிலான், மியூனிக், லுப்லியானா ஆகியவற்றையும் அப்படியே.

எங்கடீனில் பொன்ட்ரெசினாவில் தங்கினால் பெர்னினா புகையிரதப் பாதை வாசலிலேயே இருக்கும். 1910இல் முழுமையடைந்த இந்தப் பாதை, பற்சக்கரத்தின் துணையில்லாமலே 2,253 மீற்றர் உயரம் வரை ஏறுகிறது. நம் சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள்: நாம் இரவெல்லாம் படியேறி அடையும் உயரத்துக்கு அங்கே இருக்கையில் அமர்ந்தபடியே போய்விடலாம். மேலே அடுத்தடுத்து இரண்டு ஏரிகள். கறுப்பு ஏரியின் நீர் இன் வழியாகக் கருங்கடலுக்கும், வெள்ளை ஏரியின் நீர் இத்தாலி வழியாக அத்ரியாட்டிக் கடலுக்கும் போகின்றன. இடையிலுள்ள தரை ஒரு வயல் வரம்பைப் போல அவ்வளவு தாழ்வானது.

அங்கிருந்து இத்தாலியின் திரானோ வரை பாதை ஏறத்தாழ 1,800 மீற்றர் இறங்குகிறது. புருசியோ என்ற இடத்தில் ஒன்பது வளைவுகள் கொண்ட கற்பாலத்தின் மேல் வண்டி செல்கிறது. பாலமே வட்டமாக வளைந்து இறங்க, சற்று நேரத்தில் அதே பாலத்தின் ஒரு வளைவுக்கு அடியால் வண்டி நுழைந்து வெளியேறுகிறது. அங்கிருந்த பயணிகள் எல்லோரும் வியந்து படம் எடுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிறுவயதில் அப்பாவின் மடியில் இருந்து தெமோதரையில் நான் பார்த்ததும் இதுதானே! நிலையத்தைக் கடந்த வண்டி மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தினுள் புகும். எல்லயின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரை வளையத்தையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்ததுபோல் இருந்தது புருசியோ.

ஒரு நடைமுறைக் குறிப்பு. பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஓடும் சுற்றுலா வண்டிக்கு, பயண அட்டை இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வண்டிகளுக்கு முன்பதிவு தேவையில்லை. விரும்பிய நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறலாம். சில பெட்டிகளில் சன்னல்களையும் திறக்கலாம். நான் சாதாரண வண்டியையே பரிந்துரைப்பேன்.

மொர்த்தராச் நிலையத்தில் கட்டாயம் இறங்குங்கள். அங்கிருந்து பனியாறு நோக்கிச் செல்லும் பாதையில், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று ஆண்டு எழுதிய குறியீடுகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு குறியீட்டில் என் தாத்தா வாழ்ந்த காலத்து ஆண்டு. இன்னும் நெடுந்தூரம் நடந்தால் நான் பிறந்த ஆண்டு. அதன் பின்னும் நடந்துகொண்டே இருக்க வேண்டும், பனி எட்டுவதில்லை. பனியாறு உருகி வரும் நீரில் மாவாக அரைபட்ட பாறைத் தூள் கலந்திருப்பதால் அது பாலும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஓடுகிறது. கையை வைத்தேன்; பத்து எண்ணுவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. அந்த நீர்தான் இன் ஆற்றில் சேர்ந்து டனியூப்புக்குப் போகிறது.

ஆகவே என் பரிந்துரை: லவுட்டர்புருன்னென் 5 இரவுகள், பொன்ட்ரெசினா 3, இன்ஸ்புருக் 2, ஒஸ்திரியாவில் டனியூப் ஓடும் வாகாவ் பள்ளத்தாக்கின் மெல்க் அல்லது கிரெம்ஸ் 1, வியன்னா 4, புடாபெஸ்ட் 3. பொன்ட்ரெசினாவிலிருந்து ஸ்குவோல் வரை புகையிரதத்திலும், பின்னர் பேருந்துகளில் எல்லை கடந்து லாண்டெக் வரையிலும், அங்கிருந்து இன்ஸ்புருக்குக்குப் புகையிரதத்திலும் போகலாம். வழி முழுவதும் இன் ஆறு உடன் வரும். மெல்க் மடாலயத்திலிருந்து கிரெம்ஸ் வரை டனியூப்பில் படகில் செல்லுங்கள். சூரிச்சில் இறங்கி, புடாபெஸ்டிலிருந்தே வளைகுடா வழியாக ஊர் திரும்பும் சீட்டை வாங்கினால் திரும்பி வரும் அலைச்சலும் இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரி எழுதியது:

மலைநாட்டான் ஐயா வழியைச் சொல்லிவிட்டார். நான் வீசாவைப் பற்றி எழுதுகிறேன். தனியாகப் போய் வந்த பெண் என்பதால் அம்மாவின் கேள்விக்கும் என்னால் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் போகும் நாடுகள் அனைத்தும் செங்கன் வலயத்துக்குள் இருப்பதால் ஒரே வீசா போதும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஐயா கொடுத்த கணக்கில் சுவிற்சர்லாந்துக்கு 8 இரவுகள், ஒஸ்திரியாவுக்கு 7. இது மிக நெருக்கமாக இருக்கிறது. வியன்னாவில் ஓர் இரவைக் குறைத்துப் பொன்ட்ரெசினாவில் கூட்டினால் 9க்கு 6 ஆகிவிடும். பிறகு யாரும் கேள்வி எழுப்ப முடியாது. அந்தக் கூடுதல் இரவு மழைக்கும் காப்பாக இருக்கும்.

புறப்படும் நாளுக்கு 6 மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கமான பரிசீலனைக் காலம் 15 நாட்கள் என்றாலும், அதை 45 நாட்கள் வரை நீட்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கோடைப் பயணத்துக்கு எல்லோரும் ஒரே வேளையில் முண்டியடிப்பதால், நேர்காணல் நாள் கிடைப்பதே பெரும்பாடு. ஜூலைப் பயணத்துக்கு மே மாதம்வரை காத்திருந்து நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம், பெப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். வீசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கடவுச்சீட்டு, அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும்.

வேலை செய்யும் இடத்தில் விடுமுறை அனுமதிக் கடிதத்தையும், சம்பளம் மாதந்தோறும் வந்து சேர்வதைக் காட்டும் வங்கிக் கூற்றையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு திடீரெனப் பெருந்தொகையை வங்கியில் போடுவது ஐயத்தைத்தான் வளர்க்கும். உங்களுடையது ஆறு ஆண்டுச் சேமிப்பு. அது கூற்றிலேயே தெரியும். வீசா கையில் வரும் வரை, பணம் திரும்பக் கிடைக்காத விமானச்சீட்டையோ அறையையோ வாங்காதீர்கள்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். வியன்னாவில் இரவு பத்து மணிக்குப் பின்னும் பாதாள வண்டியில் மாணவிகளும் முதிய பெண்களும் தனியாகச் செல்வதைக் கண்டேன்; எனக்கு அங்கே ஒரு நாளும் அச்சம் வரவில்லை. பெண்களுக்கென்றே தனி அறை வைத்திருக்கும் விடுதிகள் பல இருக்கின்றன. கவனமாக இருக்க வேண்டியது கைப்பையைக் குறித்துத்தான்: பெரிய நிலையங்களிலும் நெரிசலான டிராம்களிலும் அதை முன்பக்கம் அணைத்துப் பிடியுங்கள். கடவுச்சீட்டின் படத்தை அம்மாவிடமும் ஒன்று விட்டுச் செல்லுங்கள். ஒவ்வோர் இரவும் அழைக்கும் நேரத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். கோடையில் கொழும்பு மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே மாலை ஐந்து மணி என்றால் இங்கே எட்டரை. நான் முதல் நாளே இதை மறந்து நள்ளிரவில் அழைத்து வீட்டாரைப் பதறவைத்துவிட்டேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். சுவிற்சர்லாந்தில் பிராங்க், ஒஸ்திரியாவில் யூரோ, ஹங்கேரியில் போரின்ட். அட்டையைச் செலுத்தும்போது இயந்திரம் இலங்கை ரூபாயில் கழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்தந்த நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். ரூபாயில் கழித்தால் அவர்கள் வைத்த மாற்று விகிதமே செல்லும். வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் காகிதப் பயணச்சீட்டை இயந்திரத்தில் முத்திரையிட்ட பின்பே பயணம் செல்லுபடியாகும். வாங்கிய சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் புடாபெஸ்டில் அபராதம் கட்டிய ஒருவரை என் பக்கத்து இருக்கையிலேயே கண்டேன்.

பேர்ண்வாசி எழுதியது:

வத்தளையில் வளர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேர்ண் நகரில் வாழ்கிறேன். அம்மா அஞ்ச வேண்டியது மனிதர்களைவிட மலையின் பிற்பகல் வானத்தையே என்பேன். ஜூலையில் காலை வானம் நீலமாக இருக்கும். மதியத்துக்குப் பின் முகில் திரண்டு, மாலையில் இடிமின்னலுடன் கொட்டும். நம் ஊரில் ஏப்ரல் மாதத்து மாலை மழையைப் போலத்தான், ஆனால் அங்கே நீங்கள் திறந்த மலைமுகட்டில் நின்றுகொண்டிருப்பீர்கள். எனவே விடியலில் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

சுவிற்சர்லாந்தின் நடைபாதைகளில் நிறக்குறிகள் உண்டு. மஞ்சள் குறி யாவரும் நடக்கக்கூடிய பாதை. வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பூசியிருந்தால் அது மலைப்பாதை. உறுதியான சப்பாத்தும் தலைசுற்றாத மனமும் வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் தனியாக வரும் நீங்கள் திரும்பிவிடுங்கள், அதில் பனியும் பாறையேற்றமும் இருக்கும். வழிகாட்டிப் பலகைகளில் தூரத்துக்குப் பதிலாக நேரமே எழுதியிருக்கும். அந்த நேரத்தில் ஓய்வு சேராது. உயரமான கணவாய்களில் ஜூலைத் தொடக்கத்திலும் பனி கிடக்கலாம். 1,000 மீற்றர் ஏறினால் ஆறேழு பாகை குளிரும். நுவரெலியாவுக்கு எடுத்துச் செல்லும் ஸ்வெற்றர் ஜுங்ஃப்ராவ்யோக்குக்குப் போதாது. அங்கே காற்றும் மெல்லியது. தலை கனத்தால் படிகளில் ஓடாமல், தண்ணீர் குடித்து, தேவையென்றால் அடுத்த வண்டியிலேயே இறங்குங்கள்.

கைத்தொலைபேசியில் மூன்று எண்களைப் பதிந்து வையுங்கள். ஐரோப்பா முழுவதற்கும் 112. சுவிற்சர்லாந்தில் வான்வழி மீட்புக்கு 1414. ஒஸ்திரியாவில் மலைமீட்புக்கு 140. அலைவரிசை இல்லாத இடமானால், ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்கள். பன்னிரண்டு வயதில் என் மகளுக்கு இதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தேன்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். மிக்ரோஸ், கோப் அங்காடிகளில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், சலாது எல்லாம் கிடைக்கும். சமையலறை உள்ள விடுதியில் தங்கினால் சோறும் பருப்பும் ஆக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும், பெரிய நிலையங்களில் உள்ளவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். தெருவோர நீரூற்றுகளில் தாராளமாகப் போத்தலை நிரப்பலாம், குடிநீரல்ல என்ற பலகை இருந்தால் மட்டும் தவிர்க்கவும். கொழும்பிலிருந்து கறித்தூள் கொண்டு வாருங்கள். பால்மாவும் நெய்யும் கொண்டு வர வேண்டாம். வெளிநாட்டுப் பாற்பொருட்களுக்கும் இறைச்சிக்கும் இங்கே தடை.

லவுட்டர்புருன்னெனிலிருந்து மழை நாளில் பேர்ண் வந்து செல்வது எளிது. இங்கே 2014இல் திறந்த சமயங்களின் இல்லம் என்ற கட்டடத்தில், பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் பௌத்த நிலையத்துக்கும் பக்கத்திலேயே நம்மவர்கள் எழுப்பிய முருகன் கோயில் இருக்கிறது.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். தெமோதரைப் பகுதியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். திருமணமான புதிதில் அப்பாவுடன் பதுளை வண்டியில் போனதாம்.

திட்டத்தை மாற்றிவிட்டேன்: லவுட்டர்புருன்னென் 5, பொன்ட்ரெசினா 4, இன்ஸ்புருக் 2, கிரெம்ஸ் 1, வியன்னா 3, புடாபெஸ்ட் 3. ஒரு கேள்வி மட்டும் மீதம். சுவிற்சர்லாந்தில் எல்லா வண்டிகளுக்கும் செல்லும் பயண அட்டையை வாங்குவதா, அரைக்கட்டண அட்டையை வாங்குவதா?

மலைநாட்டான் எழுதியது:

நீங்கள் இரண்டே ஊர்களில் தங்கி, மலையேறும் வண்டிகளுக்கே அதிகம் செலவிடப் போகிறீர்கள். முழுப் பயண அட்டை இருந்தாலும் ஜுங்ஃப்ராவ்யோக்கின் மேற்பகுதிக்கு 25 வீதச் சலுகைதான்; அரைக்கட்டண அட்டைக்கு அங்கேயும் பாதிக் கட்டணம், அதுவும் ஒரு மாதம் வரை. உங்கள் நிலையில் நான் அரைக்கட்டண அட்டையையே வாங்குவேன். ஆனாலும் நீங்கள் கணக்காளர்; சுவிஸ் புகையிரத இணையதளத்தில் ஒவ்வொரு நாளின் கட்டணத்தையும் எடுத்து ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கணக்கில் திரானோ போய் வரும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போகும்போது வலப்பக்கத்து இருக்கையில் அமருங்கள், வரும்போது இடப்பக்கம்.